இன்வர்ட்டர்: எதைத் தலைகீழாக்குகிறது?

நாமக்கல்லிலிருந்து மாமா வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் இருட்டி, மின்னல் வெட்டி, கரண்டு போய்விட்டது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இது புதிதில்லை. மாமா மட்டும் கொஞ்சமும் அசராமல் உட்கார்ந்திருந்தார். முதல் நாள்தான் கூரையில் இருக்கும் சோலார் தகடுகளையும் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியையும் அவருக்குக் காட்டி, "இதுதான் மாமா இன்வர்ட்டர்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அஞ்சு நிமிஷம் பார்த்தார், காற்றாடி சுற்றவில்லை. "என்னப்பா, இன்வெர்ட்டர் இருக்குன்னு சொன்ன, கரண்டு போனதும் அதுவும் சேர்ந்து போயிடுச்சே?" என்றார். பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், அவர் பங்குக்கு, "இன்வர்ட்டர் ஏர்கோன்லதானே இருக்கும், அது ஏன் சுவத்துல தொங்குது?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பில்லை, அதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் என்றால் மின்வெட்டு நேரத்தில் பேட்டரியிலிருந்து லைட்டும் ஃபேனும் ஓட வைக்கும் பெட்டி. மலேசியாவில் பல வருஷமாக அந்தச் சொல் ஏர்கோன், ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் மெஷின் ஆகியவற்றின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். செம்பனை ஆலையில் வேலை செய்த எனக்கோ அது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. இப்போது நாலாவதாகச் சோலார் வந்திருக்கிறது. ஒரே சொல், நாலு சாமான். நாலிலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும் மின்சாரமாக ஆக்குவது. பேட்டரியும் சோலார் தகடும் தருவது நேர்திசை மின்னோட்டம், வீட்டு வயரில் வருவது மாறுதிசை மின்னோட்டம். ஏர்கோன் மாதிரி வீட்டுச் சாமான்களும் ஆலை மோட்டார்ப் பெட்டியும் கொஞ்சம் சுற்றுவழி போகின்றன. வந்த மாறுதிசையை முதலில் நேர்திசையாக்கி, பிறகு வேண்டிய வேகத்தில் மறுபடி மாறுதிசையாக்கி மோட்டாருக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் ஏர்கோன் கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் இன்வர்ட்டர் என்ற பேர் எப்படி வந்தது? லத்தீனில் வெர்ட்டெரே என்றால் திருப்புதல், முன்னால் இன் சேர்ந்தால் கவிழ்த்துப் போடுதல், தலைகீழாக்குதல். கன்வர்ட்டரும் இதே வேர்தான். (சமஸ்கிருதத்தின் விருத் என்ற வேரும் இதற்கு உறவு. பாட்டுக் கச்சேரியில் ஆவர்த்தனம் என்கிறோமே, கடையில் பரிவர்த்தனை என்கிறோமே, அதெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஆக, இன்வர்ட்டரும் ஆவர்த்தனமும் தூரத்துச் சொந்தம்.) மலாய்க்காரர்களும் இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டு பெஞோங்சாங் என்று சொல் ஆக்கியிருக்கிறார்கள். சோங்சாங் என்றால் தலைகீழ், வயிற்றில் பிள்ளை புரண்டு கிடந்தால் அதற்கும் அதே சொல்தான்.

ஆனால் இந்தப் பெட்டி மின்சாரத்தைத் தலைகீழாக்குவதில்லை, தலைகீழானது வேறு. நூறு வருஷத்துக்கு முன்னால் மாறுதிசையை நேர்திசையாக்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது, டிராம் வண்டிகளுக்கு நேர்திசை வேண்டியிருந்தது. அதற்கு ரோட்டரி கன்வர்ட்டர் என்ற சுற்றும் இயந்திரம் இருந்தது, அதையே பின்பக்கமாக ஓட்டினால் நேர்திசை உள்ளே போய் மாறுதிசை வெளியே வரும், அப்படி ஓட்டுவதை இன்வர்ட்டட் ரோட்டரி என்றார்கள். அப்புறம் 1902-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவிக் குழாயில், மாறுதிசையை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் செய்தார், சுற்றுவதற்கு எதுவும் இல்லாமலே நேர்திசை கிடைத்தது. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் டேவிட் பிரின்ஸ், அவர்களுடைய இதழில் 'தி இன்வர்ட்டர்' என்றே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ரெக்டிஃபையர் சுற்றையே திருப்பிப் போட்டு, ஒரு பக்கம் நேர்திசையைக் கொடுத்து மறுபக்கம் மாறுதிசையை எடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். ஆக, தலைகீழாக்கப்பட்டது ரெக்டிஃபையர். மின்சாரம் இல்லை. பிள்ளையின் பேரில் அப்பன் செய்த காரியம் ஒட்டிக்கொண்ட மாதிரி.

உள்ளே என்ன நடக்கிறது என்று பெரியப்பாவுக்குத் தோசையை வைத்துத்தான் சொன்னேன். நாலு சுவிட்சுகள், நடுவில் நம் வீட்டு வயர். தண்ணீர்க் குழாயைத் திறப்பது மாதிரி ஒரு ஜோடியைத் திறந்தால் மின்சாரம் இடமிருந்து வலம், அதை மூடி மறு ஜோடியைத் திறந்தால் வலமிருந்து இடம். தோசையைத் திருப்பிப் போடுவது மாதிரி நொடிக்கு நூறு தடவை திருப்பினால் நொடிக்கு ஐம்பது முழு அலை, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஆனால் வெறுமனே திருப்பினால் அலை செங்கல் மாதிரி சதுரமாக வரும், மோட்டார் உறுமும், சூடாகும். அதனால் அந்தச் சுவிட்சுகளை நொடிக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் தடவை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து, வெளியே ஒரு மின்தூண்டியை, அதாவது கம்பிச் சுருளை, வைத்து வழவழப்பாக்குகிறார்கள். நம் வீட்டு 230 வோல்ட் அலையின் உச்சி 325 வோல்ட் இருக்கும். நேர்திசைப் பக்கம் அதைவிட உயரமாக இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். நாற்பது வோல்ட் சொச்சம் தரும் தகடுகளைப் பத்து, பன்னிரண்டாகச் சங்கிலி கோத்து மாட்டுவது அதற்காகத்தான். குறைந்தால் ஏற்றிக் கொடுக்க உள்ளேயே இன்னொரு சுற்று இருக்கும்.

இங்கேதான் வடிவமைக்கிறவனின் தலைவலி. ஒரே பக்கத்தில் இருக்கும் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருந்தால் நேராக ஷார்ட், பட்டென்று போய்விடும். அதனால் ஒன்று மூடி மற்றது திறக்கும் முன் மைக்ரோ நொடிக் கணக்கில் ஒரு இடைவெளி விடுவார்கள். இந்த அளவு வேகத்தையும் மின்சாரத்தையும் ஒன்றாகத் தாங்கும் சுவிட்ச் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. கிடைத்தது 1980-களின் தொடக்கத்தில், ஐஜிபிடி என்ற பேரில். அதை ஆக்கியதில் முதன்மையானவர் ஜெயந்த் பாலிகா, 1948-இல் மெட்ராஸில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்து ஜெனரல் எலக்ட்ரிக்குக்குப் போனவர். 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இதைக் கேட்டதும்தான் மாமா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சூடு இன்னொன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வேலை செய்கிற 5 கிலோவாட் பெட்டி என்றால்கூட, முழு வேகத்தில் ஓடும்போது 150 வாட் அளவு சூடாக வெளியேறுகிறது, பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரையைப் பெட்டிக்குள் எரிய விட்ட கணக்கு. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்குச் சூடு ஆகாது, பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வது வழக்கம். எனக்குப் பெட்டி மாட்டியவர்கள் மேற்குப் பார்த்த சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானம் மூணு மணிக்கு வெயில் நேராக அடிக்கும், பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், நான் கைப்பேசி ஆப்பில் உற்பத்திக் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மாசம் தகடுகளைத் திட்டினேன். கடைசியில் மேலே ஒரு துண்டு ஜிங்க் தகரம் அடித்ததும் சரியாகிவிட்டது.

சரி, மாமாவின் கேள்வி. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) சாயங்காலம் இஞ்சின் ரூமில் ஜெனரேட்டர் போட்டு ராத்திரி பத்துக்கு நிறுத்திய காலம் பெரியப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாராவது ஒரே நேரத்தில் நாலு அயர்ன்பெட்டி போட்டால் இஞ்சின் முக்கும், லைட் மங்கும். அங்கே அலையைத் தந்தது சுற்றுகிற இரும்பு. சோலார் இன்வர்ட்டரில் சுற்ற எதுவும் கிடையாது, அதனால் சாதாரண வகை பெட்டி வெளியே கம்பத்திலிருந்து வரும் அலையைப் பார்த்து அதன் தாளத்துக்குக் கூடவே போடுகிறது. பின்பாட்டுக்காரர் மாதிரி. பாடுகிறவர் நிறுத்தினால் இவரும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தவில்லையென்றால், கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஆளின் உயிருக்கு ஆபத்து, அதனால் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். மாமா ஊர்ப் பெட்டி கரண்டு போனால் விழிக்கும், எங்கள் பெட்டி கரண்டு போனால் தூங்கும். பேட்டரியோடு தனியாகத் தாளம் போடுகிற வகையும் இருக்கிறது, விலைதான் கூட. சோலாரும் காற்றாலையும் பெருகப் பெருக, பின்பாட்டு மட்டும் பாடுகிற பெட்டிகளை வைத்து நாட்டு மின்வலையை ஓட்ட முடியாது என்பதால், தானே அலையை அமைத்துக் கொடுக்கும் பெட்டிகளில்தான் இப்போது கவனம் போகிறது.

இனி தமிழுக்கு வருவோம். என் கண்ணில் பட்டவை பல. தலைகீழாக்கி என்பது லத்தீனை அப்படியே கவிழ்த்தது, மேலே சொன்ன காரணத்தால் அது பொருந்தாது. நேர்மாறாக்கி கணினி விஷயத்தில் சரி, ஒன்றைச் சுழியமாகவும் சுழியத்தை ஒன்றாகவும் மாற்றும் சின்னச் சுற்றுக்கும் ஆங்கிலத்தில் இன்வர்ட்டர் என்றே பேர், அது நிஜமாகவே நேர்மாறாக்குகிறது. நேர்மாற்றி என்றால் குழப்பம், நேர்திசையை மாற்றுவதா, நேராக மாற்றுவதா? இரண்டாவது ரெக்டிஃபையர் செய்கிற வேலை. புரட்டி கேட்க நன்றாக இருக்கிறது, தோசையும் நினைவுக்கு வருகிறது, ஆனால் புரட்டு என்றால் பொய் என்று ஒரு அர்த்தம் இருக்கிறதே, சோலார் விற்கிறவன் வாயில் அது வேண்டாம். மின்மாற்றி ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விட்டது. ரெக்டிஃபையருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் அலைதிருத்தி என்று அழகான சொல் இருக்கிறதே, அதற்கு ஜோடியாக அலையாக்கி என்று வைக்கலாமா என்று எனக்கே ஆசை வந்தது. ஆனால் அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் என்ற சுற்றுக்கு ஏற்கெனவே அலையியற்றி இருக்கிறது, இரண்டும் மோதும்.

மிஞ்சுவது மாறுதிசையாக்கி. பாடநூலில் ஏற்கெனவே இருக்கிற மாறுதிசை மின்னோட்டம் என்பதிலிருந்து வருகிறது, பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது, நாலு சாமானுக்கும் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் மாறுதிசை மின்னோட்டத்தை ஆடலோட்டம் என்பார்கள், கேட்க அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் இங்கே யாருக்கும் பழக்கமில்லை. நீளம் என்று சொல்கிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம், மாறுதிசையாக்கி ஏழு எழுத்து, இன்வர்ட்டரும் ஏழு எழுத்து. மாமா ஊர்ப் பெட்டிக்கு மட்டும் அது போதாது. அதற்குள் மாறுதிசையாக்கியோடு சார்ஜரும் சேர்ந்திருக்கிறது, வெளியே பேட்டரியும் உண்டு, அந்த மொத்தத்துக்கும் காப்பு மின்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆலையில் மோட்டாருக்கு மாட்டுவதை வேகக் கட்டுப்படுத்தி என்றாலே எங்கள் ஆட்களுக்குப் புரிந்துவிடும்.

அன்றைக்கு ஆறரைக்குக் கரண்டு வந்தது. பெட்டி உடனே ஓடவில்லை, கம்பத்து அலை நிலையாக இருக்கிறதா என்று சில நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் வெயில் போய்விட்டது.