வேரை மாற்றும் கட்டளை

"டிஸ்க் மாற்றிய பிறகு டெபியன் பூட் ஆகவில்லை. ஃபார்மட் செய்தே ஆக வேண்டுமா?" என்று, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்தும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம்.

அவர் இரண்டு காரியம் செய்திருக்கிறார். பூட் வேகமாகட்டும் என்று இனிட்ராம்எஃப்எஸ் (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்) அமைப்புக் கோப்பில் ‘மாட்யூல்ஸ்’ வரியை ‘மோஸ்ட்’ என்பதிலிருந்து ‘டெப்’ என்று மாற்றினார். பிறகு பழைய சாட்டா டிஸ்க்கை அப்படியே என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தார். இப்போது, பூட்டைத் தொடங்கி வைக்கும் நிரலான கிரப்பின் மெனு வருகிறது. அப்புறம், டெபியன் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனைக் காணோம் என்று ஒரு செய்தி, கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல், பக்கத்தில் கர்சர். அவ்வளவுதான்.

டிஸ்க்கைப் படிக்க, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு, வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் வேண்டும். டிரைவரோ டிஸ்க்கில் இருக்கிறது! பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை. அதனால்தான் கிரப், கர்னலோடு டிரைவர்கள் அடங்கிய ஒரு சின்ன மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுதான் இனிட்ராம்எஃப்எஸ். ‘டெப்’ என்றால், மூட்டை கட்டும் நேரத்தில் இருக்கும் வன்பொருளுக்கான டிரைவர் மட்டும் போதும் என்று பொருள். ஆகவே என்விஎம்இ டிரைவர் அதில் இல்லை.

சரி, மூட்டையைப் புதிதாகக் கட்டலாம். ஆனால் கட்டும் கருவியும் பூட் ஆகாத அந்த டெபியனுக்குள்தான் இருக்கிறது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, எஸ்எஸ்டியின் ரூட் பார்ட்டிஷனை ‘எம்என்டி’ அடைவில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். தனி பூட் பார்ட்டிஷன் இருந்தால் அதையும் உரிய இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம்: ரூட்டை, அதாவது வேரை மாற்றும் சிஎச்ரூட் கட்டளை.

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது உண்டு. ஸ்லாஷில் தொடங்கும் பாதையைக் கர்னல் எங்கிருந்து தேடுகிறது? அந்த இடம்தான் ரூட்; கணினி முழுவதற்கும் ஒரே ரூட் என்றுதான் நினைப்போம். உண்மையில், ‘உன் ரூட் இது’ என்று ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) கர்னல் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. சிஎச்ரூட் அந்த ஒரு குறிப்பைத்தான் மாற்றுகிறது. ஒரு கோப்பும் இடம் பெயர்வதில்லை. ஆனாலும் அது திறந்து தரும் ஷெல்லும் (நம் கட்டளைகளை வாங்கும் நிரல்), அதிலிருந்து பிறக்கும் ப்ராசஸ்களும் எஸ்எஸ்டியில் உள்ள டெபியனுக்குள் வாழத் தொடங்கிவிடுகின்றன. கர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளை கொடுத்துப் பாருங்கள். கர்னல் மட்டும் யூஎஸ்பியினுடையதாகவே இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சிலிர்க்கிறது.

உள்ளே போகும் முன் ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’ மூன்று அடைவுகளையும் ‘எம்என்டி’க்குள்ளும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்ய மறக்காதீர்கள். ‘ப்ராக்’கும் ‘சிஸ்’ஸும் டிஸ்க்கில் வெறும் காலி அடைவுகள். அவற்றில் நாம் காண்பதெல்லாம், ஓடும் கர்னல் அந்தந்தக் கணத்தில் காட்டுவது.

எனக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் கடையில், திரையைப் பார்க்கும் முன்பே ஃபார்மட் என்பார்கள். திருஷ்டி கழிப்பதைப் போல அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். நண்பர் ஒருவரின் குடும்பப் படங்கள் அத்தனையும் அப்படித்தான் போயின. ஒரு வரிப் பிழைக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் அந்த ‘மாட்யூல்ஸ்’ வரியை ‘மோஸ்ட்’ என்று திருத்தி, எல்லாக் கர்னல்களுக்கும் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ ஓட்டுங்கள். ‘எக்ஸிட்’ கொடுத்து, கணினியை அணைத்து, யூஎஸ்பியை எடுத்துவிட்டு பூட் செய்யுங்கள்.