இரண்டு மொழிக்கு இடம் இருந்த வீடுகள்

சீனாவில் உள்ள உள்மங்கோலியாவின் வடகிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி ஹுலுன்புயர் என்ற புல்வெளிப் பகுதி இருக்கிறது. அங்கே மெர்கெல் ஆற்றுப் படுகையில் ஆடு, மாடு, குதிரை மேய்த்துப் பிழைக்கிறவர்கள் காம்னிகன் மக்கள். இங்கே மொத்தமே சுமார் 2,000 பேர். சீன அரசின் கணக்கில் இவர்கள் எவெங்கி இனம். ஆனால் ஊரின் பொதுப்பேச்சு காம்னிகன் மங்கோல் என்ற மங்கோலிய மொழி. எவெங்கியும் போய்விடவில்லை, சில குலங்களின் வீடுகளில் அதுவும் புழங்கி வந்திருக்கிறது. எவெங்கி துங்கூசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மங்கோலியக் குடும்பம் வேறு.

இவர்களின் முன்னோர் இன்றைய ரஷ்யாவில், ஓனோன், அர்குன் ஆறுகளின் பக்கம் இருந்தவர்கள். காட்டில் மான் வளர்த்த எவெங்கிகளிடமிருந்து பிரித்துக்காட்ட, 'குதிரைத் துங்கூசுகள்' என்று இவர்களை அழைத்தார்கள். 1917 புரட்சிக்கும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போருக்கும் பிறகு ஒரு பிரிவினர் எல்லை தாண்டி வந்து மெர்கெலில் தங்கிவிட்டார்கள்.

பிள்ளைக்கு இரண்டு மொழி கற்றுக்கொடுத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். காம்னிகன்கள் தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழியோடுதான் வாழ்ந்தார்கள், இரண்டுமே பிழைத்தன. காரணம் எளிது. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வேலை இருந்தது. ஊர்ப்பேச்சுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் மங்கோல், வீட்டுக்குள் குலத்தாரோடு எவெங்கி. போதாக்குறைக்கு இரண்டு மொழிகளிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவப் பெரிய சிரமம் இல்லை.

அதனால் ஒரு மொழியின் உயிர்ப்பை அளக்கும்போது தலையை எண்ணுவது மட்டும் போதாது. பேசுகிறவர்களில் ஆகச் சின்ன வயது யாருக்கு என்று பார்க்க வேண்டும். குழந்தையைக் கொஞ்சுவதும் திட்டுவதும் எந்த மொழியில்? யுனெஸ்கோவின் அளவுகோலிலும் முதலில் நிற்பது இந்தத் தலைமுறைக் கைமாற்றம்தான். 2,000 பேர் பேசி, குழந்தைகளும் பேசினால் அது உயிருள்ள மொழி. லட்சம் பேர் பேசி, எல்லாரும் தாத்தா பாட்டிகள் என்றால் கதை வேறு.

சரி, அப்படியானால் காம்னிகன் மங்கோலுக்கு என்ன ஆபத்து? சீனம் ஒன்று, பள்ளி, வேலை, கைப்பேசி எல்லாம் அதன் பக்கம். 2020 செப்டம்பரிலிருந்து உள்மங்கோலியாவின் மங்கோலியவழிப் பள்ளிகளிலும் சில பாடங்களைச் சீனத்துக்கு மாற்றினார்கள். ஆனால் எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது இன்னோர் ஆபத்து. அது அண்டை வீட்டு மங்கோல்.

காம்னிகன் மங்கோலின் மெய்யொலிகள் மிகப் பழமையானவை. 'கருப்பு' என்பதற்குப் பழைய மங்கோலியச் சொல் 'கர'. (நம் 'கரு'வோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், அதற்குள் உறவு கொண்டாட வேண்டாம்.) மங்கோலியாவின் கல்கா மொழியில் அந்த முதல் க தொண்டையை உரசும் ஒலியாகி, கிட்டத்தட்ட 'ஹர்' என்று ஆகிவிட்டது. ரஷ்யப் பக்கம் பேசும் புரியாத் என்ற மங்கோலிய மொழியிலும் அதே உரசல். காம்னிகனிலோ அழுத்தமான க அப்படியே நிற்கிறது.

இந்த மொழிக்குத் தனி எழுத்து வழக்கு இல்லை. பிள்ளைகள் பள்ளியில் மங்கோல் படித்தாலும் அது உள்மங்கோலியாவின் பொது மங்கோல்தான். அது அந்நியமாகத் தெரியாது, தங்கள் மொழியின் 'நல்ல' வடிவம் போலத்தான் தெரியும். சீனத்துக்கு மாறும் பிள்ளையைப் பாட்டி உடனே கவனித்துவிடுவார். 'கர'வை விட்டு 'ஹர்' என்று சொல்லும் பிள்ளையின் பேச்சோ அவருக்கு ஏறக்குறைய புரிந்துவிடும். திருத்த ஒரு காரணமும் இல்லை. ரஷ்யப் பக்கம் ஓனோன் கரையில் தங்கிய காம்னிகன்கள் பெரும்பாலும் இப்படித்தான் மெல்ல மெல்லப் புரியாத் பேச்சுக்குள் கரைந்தார்கள்.

இதை ஆய்வுப் படிவத்தில் பிடிப்பதும் கஷ்டம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டால் அன்றும் பதில் 'மங்கோல்', இன்றும் பதில் 'மங்கோல்'.