பெற்றோர் கங்காணியாகும் வீடு

இராமநாதபுரம் கடற்கரையில் பக்திக்குப் பஞ்சமில்லை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு இந்துக் குடும்பங்கள் திரளாக வருகின்றன. கடலுக்குப் போன கணவருக்காகக் கோயிலில் விளக்கேற்றிவிட்டு, போகிற வழியில் மாதா கெபியில் ஒரு மெழுகுவத்தியும் கொளுத்திவைக்கும் பெண்ணை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. இக்கட்டுரையின் பொருள் அந்தப் பக்தி அன்று. எந்த மதத்தின் பெயரிலும் உருவாகக்கூடிய சில மூடிய குழுக்கள் உண்டு. ஒரு தலைவரையோ ஒரு சிறு வட்டத்தையோ மையமாகக் கொண்டு, உறுப்பினர் யாரோடு பழகலாம், எந்த வீட்டு விசேஷத்துக்குப் போகலாம், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கலாமா என்பது வரை தீர்மானிப்பவை அவை. அத்தகைய குழுக்கள் பிள்ளை வளர்ப்பை எந்த வழிமுறையால் மாற்றுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுவது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த கட்டாயப் பயிற்சிக்கு உள்ளாகி வெளியே வந்தவர்களை 1950-களில் ஹாங்காங்கில் நேர்கண்டு, முற்றாதிக்கம் செலுத்தும் குழுக்களுக்கு எட்டு அடையாளங்களை 1961-இல் வகுத்தார். வெளியுலகச் செய்திகளைக் கட்டுப்படுத்துதல், ஓயாமல் தூய்மை கோருதல், பிறர் முன்னிலையில் குற்றங்களை ஒப்புக்கொள்ள வைத்தல், ஒருவருடைய சொந்த அனுபவத்தைவிடக் கோட்பாடே உண்மை என்று நிறுவுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எட்டையும் மனப்பாடம் செய்துகொண்டு அளக்க வேண்டிய தேவையில்லை. கேள்வி கேட்பவருக்கும் விலகிப் போகிறவருக்கும் அந்தக் குழுவில் என்ன நேர்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். கோட்பாடு என்ன சொல்கிறது என்பது இதில் இரண்டாம்பட்சம்.

இத்தகைய குழுவில் சேர்பவர்கள் அறிவு குறைந்தவர்கள் என்ற எண்ணம் தவறானது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர்க் காலத்தில் டிரோப்ரியாண்டுத் தீவுகளில் தங்கியிருந்தபோது ஒன்றைக் கவனித்தார்: அலையடங்கிய காயலில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதுவும் செய்யாத அதே மக்கள், ஆபத்தும் ஏமாற்றமும் நிறைந்த ஆழ்கடலுக்குப் புறப்படும்போது விரிவான சடங்குகளைச் செய்தார்கள். நிச்சயமின்மை கூடும் இடத்தில் பிடிமானத்தைத் தேடுவது மனித இயல்பு. பாக் நீரிணையில் தொழில் செய்யும் குடும்பத்தின் நிச்சயமின்மையை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், இலங்கைக் கடற்படையின் கைது, பறிமுதலாகும் படகு, வட்டிக்கு வாங்கிய டீசல் என்று அது நீள்கிறது. கணவர் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார், மூத்தவனுக்கு இளைப்பு, கடற்பாசி எடுத்துவரும் வருமானம் அரிசிக்கே போதவில்லை என்ற நிலையில் ஒரு தாய் இருப்பதாகக் கொள்வோம். அந்த வாரத்தில் நான்கு பேர் வீடு தேடிவந்து, அரிசி கொடுத்து, இரவு முழுக்க உடன் அமர்ந்து வேண்டிக்கொண்டால், அவர்களை நம்புவது முட்டாள்தனமாகாது. அவர்களில் பெரும்பாலோர் உண்மையான கருணையோடுதான் வந்திருப்பார்கள். கருணையோடு தொடங்கியது எப்படிப் பிடியாக இறுகுகிறது என்பதில்தான் அறிவியலுக்கு வேலை இருக்கிறது.

முதலில் தியாகம் கோரப்படுகிறது. அது சிறியதாகத் தொடங்கும்: தொலைக்காட்சியை விற்றுவிடுவது, பூ வைப்பதை நிறுத்துவது, வாரத்தில் ஓர் இரவு என்றிருந்த கூட்டம் நான்கு இரவுகளாவது. ஆரன்சன், மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1959-இல் நடத்திய சோதனையில், சங்கடமான நுழைவுத் தேர்வைத் தாண்டிச் சேர்ந்த மாணவியர், உள்ளே நடந்த சலிப்பான உரையாடலை, சுலபமாகச் சேர்ந்தவர்களைவிட அதிகமாகப் பாராட்டினார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கிடைத்தது உயர்ந்தது என்று நம்புவது மனத்துக்கு எளிது. குழுவின் பார்வையில் தியாகத்துக்கு வேறொரு பயனும் உண்டு. மானிடவியலாளர் ரிச்சர்டு சோசிஸ், 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் 83 கூட்டுவாழ்வுக் குழுக்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, உறுப்பினரிடம் அதிகக் கட்டுப்பாடுகளைக் கோரிய மதக் குழுக்களே நீண்ட காலம் நிலைத்தன. அரைமனத்துக்காரர் விலகிவிட, எஞ்சியவர் ஒருவரையொருவர் முழுதாக நம்புகிறார்கள். கடுமை என்பது தலைவரின் குணக்கேடாக இருக்க வேண்டியதில்லை என்பதும், அது குழு உயிர்வாழும் உத்தியாகவே இருக்கக்கூடும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் முழு மனத்தையும் கேட்கும் எந்த அமைப்புக்கும் குடும்பம் போட்டியாளர். சமூகவியலாளர் லூயிஸ் கோசர் 1974-இல் இதைத் தெளிவாக எழுதினார். கணவன் மனைவிக்கு இடையிலும், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலும் இருக்கும் தனிப்பற்று, குழுவுக்கு வந்துசேர வேண்டிய விசுவாசத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதன் மிகத் தெளிந்த வடிவத்தை நியூயார்க் மாநிலத்தில் 1848-இல் ஜான் ஹம்ஃப்ரி நோயஸ் நிறுவிய ஒனைடா குழுவில் காணலாம். பால்மறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்க்கப்பட்டார்கள். தாய் தன் பிள்ளையிடம் மட்டும் காட்டும் தனிப் பாசம் குறையாகக் கண்டிக்கப்பட்டது. 1851-இல் அங்கிருந்த சிறுமிகள், பொம்மைகள் தாய்ப்பாச மயக்கத்தைத் தூண்டுகின்றன என்ற காரணத்தால், அடுப்பைச் சுற்றி நின்று தங்கள் பொம்மைகளைத் தாங்களே தீயில் போட்டார்கள். யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. சிறுமிகளே ஒப்பி முடிவெடுத்ததாகத்தான் அது நடந்தது.

நம் பக்கத்தில் பொம்மையை எரிக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. மொய் நோட்டை மூடிவைத்தாலே போதும். இந்த மாவட்டத்தில் காதுகுத்து, கல்யாணம், புதுமனை எதுவானாலும் மொய் எழுதுவது வெறும் மரியாதை அன்று என்பது எல்லாருக்கும் தெரியும். நீங்கள் இருபது வீடுகளில் எழுதிய ஐந்நூறும் ஆயிரமும், உங்கள் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூடுதலாகத் திரும்பிவரும். வங்கி கடன் தராத குடும்பத்துக்கு அதுவே சேமிப்பும் காப்பீடும் ஆகிறது. இப்போது, புறத்தார் வீட்டுச் சடங்கில் கைநனைப்பது தீட்டு என்று குழு சொல்கிறது. குடும்பம் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துகிறது. அதோடு முடிவதில்லை: தன் வீட்டிலும் காதுகுத்து நடத்தக்கூடாது என்றாகும்போது, இத்தனை ஆண்டுகளாக எழுதிய மொய்யைத் திரும்பப் பெறும் வழியும் அடைபடுகிறது. தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்குச் சீர் வராது. சீர் வராத வீட்டில் மாமன் தலையிட்டுப் பேசும் உரிமையும் மெல்லத் தேய்கிறது. பிள்ளையைக் கண்மூடி அடிக்கும் தகப்பனை "என்னப்பா இது, பச்சைப் பிள்ளையை இப்படி அடிக்கிற?" என்று தடுக்கும் முதல் ஆள் இங்கே பெரும்பாலும் மாமனோ அப்பத்தாவோதான். உறவை அறுப்பது பாசத்தை மட்டும் அறுப்பதாகாது. அது கடன் வாங்கும் இடத்தையும் கண்காணிக்கும் கண்களையும் சேர்த்தே அறுக்கிறது; அதன்பின் அவசரத்துக்குக் குழுவைத் தவிர வேறு கதவு இருப்பதில்லை. ஊர்விலக்கு என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு நன்றாகத் தெரியும். இங்கே வேறுபாடு ஒன்றுதான்: குடும்பம் ஊரைத் தானே விலக்கிக்கொள்கிறது.

இந்த நிலையில் பெற்றோரின் இடம் மாறுகிறது. உளவியலாளர் மார்கரெட் சிங்கர், இத்தகைய குழுக்களில் பெற்றோர் இடைநிலை நிர்வாகிகளைப் போல் ஆகிவிடுகிறார்கள் என்றார்: பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதைத் தலைவர் தீர்மானிக்கிறார், பெற்றோர் அதை நிறைவேற்றுகிறார்கள். மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய இந்த மண்ணுக்கு அதற்குரிய பெயர் தெரியும்: கங்காணி. கங்காணி தன் சொந்தக்காரர்களையே வேலை வாங்குபவர். கணக்கு மேலே போக வேண்டும், குறைந்தால் பழி அவருக்கு. அப்படியே, பிள்ளையின் அடக்கம் பெற்றோரின் ஆன்மிக நிலைக்குச் சான்றாகப் பார்க்கப்படும்போது, கூட்டத்தில் சிணுங்கும் இரண்டு வயதுக் குழந்தை தாயின் குற்றமாகிறது. அவள் அடிக்கிறாள், பிள்ளையின் மீது வெறுப்பினால் அன்று, பிள்ளை கெட்டுப்போய்விடும் என்ற உண்மையான பயத்தினால். அவளுடைய பாசமே குழுவின் கைக்கருவியாகிவிடுகிறது. பாசமில்லாத பெற்றோரை எங்கோ தேடிக்கொண்டிருக்கும் சட்டமும் சமூகமும் இதைத்தான் காணத் தவறுகின்றன என்பது என் எண்ணம்.

இதன் விளைவு குழந்தையின் உடலிலேயே பதிகிறது. பயம் வந்தால் மூளை, அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. சிறு குழந்தைக்கு அதை அடக்கும் திறன் தனக்குள் இன்னும் வளர்ந்திருப்பதில்லை. பெரியவரின் அருகாமையே அந்த வேலையைச் செய்கிறது. மேகன் கன்னர் குழுவினரின் ஆய்வுகளில், தாயிடம் உறுதியான பற்றுடைய கூச்ச சுபாவக் குழந்தைகள் அச்சமூட்டும் புதிய பொருளைக் கண்டு தயங்கினாலும், அவர்களுடைய கார்டிசால் உயரவில்லை. பற்று உறுதியற்றவர்களிடம் உயர்ந்தது. அப்படியானால், பயத்தைத் தணிக்க வேண்டியவரே பயத்தின் காரணமானால் என்னவாகும்? குழந்தை தாயை நோக்கி ஓடவும் வேண்டும், தாயிடமிருந்து ஓடவும் வேண்டும். மேரி மெயினும் எரிக் ஹெசியும் 1990-இல் இதைத் தீர்வில்லாத அச்சம் என்று விவரித்தார்கள். இக்குழந்தைகள் தாயிடம் வந்து பாதியில் உறைந்து நிற்பதும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அருகில் வருவதும் பதிவாகியுள்ளன. ஒழுங்கான பிள்ளை, வாய் திறக்காது என்று கூட்டத்தில் பாராட்டப்படுவது சில சமயம் இந்த உறைதலாகவே இருக்கக்கூடும்.

டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோவில் டேவிட் கொரேஷ் நடத்திய மூடிய குழுவிலிருந்து 1993-இல் அமெரிக்க அரசுப் படையினரின் முற்றுகையின் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்ட 21 குழந்தைகளை, குழந்தைகள் மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரியின் குழு கவனித்தது. அமைதியாக அமர்ந்திருக்கும்போதும் அவர்களுடைய இதயத் துடிப்பு வயதுக்குரிய அளவைவிட மிக உயர்ந்திருந்தது. பார்வைக்கு அவர்கள் பணிவும் ஒழுங்கும் உள்ள பிள்ளைகள்.

குடும்பத்தின் முன்னுரிமைகள் மாறுவதைக் கணக்கில் காட்டலாம். காணிக்கைக்கு முதல் பங்கு, பள்ளிக் கட்டணத்துக்கு எஞ்சியது; இரவுக் கூட்டத்துக்குப் பின் காலையில் பிள்ளை வகுப்பில் தூங்குவது; உலகம் முடியப்போகிறது என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு எதற்கு என்பது. எல்லாவற்றிலும் கொடியது மருத்துவம். ஆசர், ஸ்வான் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மத நம்பிக்கையின் பெயரால் சிகிச்சை மறுக்கப்பட்டு 1975-க்கும் 1995-க்கும் இடையில் அமெரிக்காவில் இறந்த 172 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 140 பேருக்கு வந்தவை, சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோய்கள். அந்தத் தாய்மார் பிள்ளை சாகட்டும் என்று இருந்தவர்கள் அல்லர். மருந்து கொடுத்தால் நம்பிக்கை குறைந்து அதனாலேயே பிள்ளை சாகும் என்று சொல்லப்பட்டவர்கள்.

நம்பிக்கைக்கும் மருந்துக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மதத்தின் இயல்பான குணம் அன்று என்பதற்கு இந்தக் கரையிலேயே சான்று உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், தவா-துவா (மருந்தும் வேண்டுதலும்) என்ற பெயரில், தர்காவுக்கு வருவோருக்கு வேண்டுதலோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. துவா ஓதுபவர் மருத்துவரைப் பகைவராகக் கருத வேண்டியிருக்கவில்லை.

குழுவுக்குள்ளேயே பிறந்து வளரும் பிள்ளைகளின் நிலை, சேர்ந்தவர்களின் நிலையிலிருந்து வேறுபட்டது. தாய்க்குத் திரும்பிப் போக ஒரு பழைய வாழ்க்கை நினைவில் இருக்கிறது. பிள்ளைக்கு அது இல்லை. அதனால் பிள்ளைக்குப் பள்ளியே ஒரே சன்னலாக இருக்கலாம். 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையின் உரிமை; பொறுப்பிலுள்ளவர் குழந்தையைத் துன்புறுத்துவதும் புறக்கணிப்பதும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்கு யாரும், பிள்ளையே கூட, அழைக்கலாம். குழுவிலிருந்து விலக்கிவைப்பதைத் தடுக்கும் பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1962-இல் செல்லாது என்றது. மகாராட்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகப் புதிய சட்டம் இயற்றியது. விலகும் பெற்றோரைப் பிள்ளையைக் காட்டி மிரட்டுவது பரவலான உத்தி என்பதால், பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்வது என்ற வழக்குகளில் பிள்ளையின் நலனே முதன்மை என்ற விதியை அறிந்துவைப்பது பயன்தரும்.

வெளியே இருக்கும் உறவினர் செய்யும் வழக்கமான காரியம், கோட்பாட்டை எதிர்த்து வாதிடுவது. மேலே சொன்ன தியாகத்தின் உளவியல் காரணமாக, அது எதிர்விளைவையே தரும். இத்தனை இழந்தபின் நீ ஏமாந்துவிட்டாய் என்று சொல்பவரிடம் யாரும் ஆமாம் என்று ஒப்புக்கொள்வதில்லை. வாதத்தை விட்டுவிட்டு, மாமன் சீர் அனுப்புவதையும் அப்பத்தா பேரனைப் பார்க்க வருவதையும் நிறுத்தாமல் இருப்பது கூடுதல் பயனுடையது. திருப்பி அனுப்பினாலும் அடுத்த தீபாவளிக்கோ பெருநாளுக்கோ கிறிஸ்துமசுக்கோ மறுபடியும் அனுப்பலாம். வேக்கோ குழந்தைகளைப் பிற்காலத்தில் பின்தொடர்ந்த பெர்ரி, அவர்களுள் நன்றாகத் தேறியவர்கள் அன்பும் ஒழுங்கும் உள்ள வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்களே என்று கண்டார். அந்த வீட்டார் பழைய நம்பிக்கையைக் கைவிட்டவர்களா, இன்னும் அதிலேயே இருப்பவர்களா என்பதால் அதில் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை.