ஓடாத மோட்டார் படகை மலிவாக வாங்கும் முன்

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனாலும், பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கலாமா என்று கேட்டு எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள். சிலர் நகருக்கு வெளியே தோப்பும் குளமுமாகத் தங்கும் விடுதி நடத்துபவர்கள். வேறு சிலர் தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் பக்கத்து உறவினர்களுடன் கூட்டாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள். அவர்கள் கைபேசியில் காட்டும் படம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: கரையில் ஏற்றிவைத்த பைபர் படகு, பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார், புதிய படகின் விலையில் ஒரு சிறு பங்கு. மோட்டார் ஓடவில்லை என்பதை விற்பவரே சொல்லிவிடுகிறார். கூடவே, "கார்புரேட்டரக் கழுவுனாப் போதும்ணே, ஒரே இழுப்புல ஓடும்" என்றும் சொல்கிறார்.

பம்புசெட், ஜெனரேட்டர், அவுட்போர்டு ஆகியவற்றின் எஞ்சின்களைப் பிரித்து வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் இவர்களிடம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். ஓடாத மோட்டாருக்கு விலை போடாதீர்கள். அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு, படகின் உடலுக்கும் காகிதங்களுக்கும் மட்டும் இந்தத் தொகை தகுமா என்று கணக்கிடுங்கள். தகுமென்றால் மட்டும் மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வருபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சின் ஏன் ஓடவில்லை என்பதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தி, அதைத் தாங்கி நிற்கும் பலகை உள்ளே அழுகிப்போயிருப்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. படகை ஓட்டியவர் இறந்திருக்கலாம். மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம். படகு சில ஆண்டுகள் கரையில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்திருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்கு மோட்டாரின் நிலை உண்மையாகவே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி அவர் நல்லெண்ணத்தோடு சொல்வதையும் நாம் விலையில் சேர்க்கக் கூடாது.

கண்மாய்க்காக வாங்குபவர்கள், தங்கள் நீருக்கு மோட்டார் தேவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் பகுதிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பங்குனி சித்திரைக்குள் பலவும் சேறாகிவிடுகின்றன. நிறைந்திருக்கும் மாதங்களிலும் ஓரங்களில் ஆழம் போதாது; ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் புரொப்பல்லரில் கொடி சுற்றுவதோடு, மோட்டாரின் சூட்டைத் தணிக்கும் குளிர்நீர் உள்ளே போகும் துளைகளும் அடைத்துக்கொள்ளும். அவுட்போர்டில் நீருக்குள் இறங்கும் பகுதியைக் கால் என்போம்; அதன் நீளம் எல்லா மோட்டாருக்கும் ஒரே அளவல்ல. குட்டைக் கால் மோட்டார் ஏறத்தாழ 15 அங்குல உயரமுள்ள பின்பலகைக்கும் (மோட்டாரை மாட்டும் படகின் பின்புறப் பலகை), நெட்டைக் கால் மோட்டார் ஏறத்தாழ 20 அங்குல உயரமுள்ள பின்பலகைக்கும் செய்யப்பட்டவை. கடலில் ஓடிய நெட்டைக் கால் மோட்டாரைத் தாழ்வான கண்மாய்ப் படகில் மாட்டினால், கால் நீருக்குள் மிகவும் இறங்கிச் சேற்றைக் கிளறும். அந்தச் சேறு குளிர்நீர்ப் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்துத் தீர்த்துவிடும். வலை விரிக்கவும் தீவனம் போடவும் மட்டும் என்றால் பரிசலோ துடுப்புப் படகோ போதும் என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மோட்டார் வேண்டும் என்பது உறுதியானால் படகின் உடலுக்கு வருவோம். பைபர் படகு முழுவதும் பைபரால் ஆனது என்று பலர் நம்புகிறார்கள். மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குள் பல படகுகளில் மரமோ பிளைவுட்டோ இருக்கும். அதன் இருபுறமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். மோட்டாரை மாட்டுவதற்குப் போட்ட போல்ட் துளைகளின் வழியே நீர் கசிந்தால் உள்ளிருக்கும் மரம் ஊறி அழுகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்தியலின் மரப்பிடியால் பலகை முழுவதும் சிறு இடைவெளிகளில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வரும். அழுகிய இடத்தில் மந்தமாக வரும். அடுத்து, மோட்டாரின் காலை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைக்கும்போது பலகை அதனோடு சேர்ந்து வளைகிறதா, மூலைகளில் மயிரிழை விரிசல்கள் திறந்து மூடுகின்றனவா என்று இன்னொருவரைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தால், அந்தப் படகு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. பின்பலகையை அறுத்தெடுத்து மாற்றலாம்தான். ஆனால் அது கடற்கரையில் படகு கட்டுபவர்கள் செய்யும் வேலை. மதுரையில் தண்ணீர்த் தொட்டிக்கு பைபர் ஒட்டுபவரிடம் கொடுத்துச் செய்யும் வேலை அல்ல.

தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மிதவைக்காக நுரை அடைத்த படகுகளும் உண்டு. அந்த நுரை நீரை உறிஞ்சிவிட்டால் படகு இருக்க வேண்டிய எடையை விட மிகவும் கனத்துக் கிடக்கும். வேகம் வராது, மூழ்கும் நேரத்தில் மிதக்கவும் உதவாது. அந்த நீளப் படகின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், வண்டியை வெறுமையாகவும் படகோடும் எடைமேடையில் ஏற்றி, வேறுபாட்டைப் பார்த்துவிடலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த அடிப்பகுதியைக் கண்டால் கூடுதலாக நேரம் செலவிடுங்கள். ஒட்டுப் போட்ட இடங்களைப் பெயின்ட் நன்றாக மறைத்துவிடும்.

உடல் தேறிய பிறகுதான் மோட்டாருக்கு வர வேண்டும். இங்கே கயிற்றை இழுப்பது முதல் வேலை அல்ல. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் சுழல்சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பிஸ்டன் சூட்டில் பிடித்திருக்கிறது அல்லது உள்ளே துரு ஏறியிருக்கிறது. அந்த நிலையில் குழாய் ரெஞ்சு போட்டு முறுக்கினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் உடைந்து, காப்பாற்றக் கூடிய சிலிண்டரும் கெட்டுப்போகும். பிடித்துப்போன மோட்டார் என்றால் விலை இரும்பு விலைதான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சுற்றினால், கழற்றிய பிளக்குகளைக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். முனையில் துருவோ நீர்த்துளியோ இருந்தால் சிலிண்டருக்குள் நீர் போயிருக்கிறது. அலுமினியத் துகள்கள் மினுங்கினால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. சிலிண்டர் தலையில் பெயின்ட் கொப்பளித்தோ நிறம் மாறியோ இருந்தால் அந்த மோட்டார் ஒருமுறையாவது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. மூடிக்குள் ஒரே மட்டத்தில் வண்டல் கோடு தெரிந்தால் அது நீரில் மூழ்கிய மோட்டார் என்று கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் கிழக்குக் கடற்கரையில் ஏராளமான படகுகள் சேதமடைந்தன. எனவே, புயலில் சிக்கிய படகா என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. கடல்நீரில் மூழ்கிய மோட்டாரை எடுத்தவுடன் நல்ல நீரில் அலசி, அன்றே ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் கிராங்க் பேரிங்குகளில் துரு பிடித்திருக்கும், இன்று எப்படியோ ஓடவைத்தாலும் சில மாதங்களில் நடு நீரில் நின்றுவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். கேஜ் வைத்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, எல்லா பிளக்குகளையும் கழற்றிய நிலையில் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். சிறிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் 90 முதல் 120 பிஎஸ்ஐ வரை காட்டுவது வழக்கம். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒன்றைவிட மற்றொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் ரிங், சிலிண்டரின் உட்சுவர், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. சோதனைக்குச் சற்று முன் சிலிண்டரில் ஆயில் ஊற்றியிருந்தால், தேய்ந்த ரிங்குகளும் தற்காலிகமாக அடைபட்டுக் கேஜ் நல்ல அளவைக் காட்டும். பிளக் துளை ஆயிலில் குளித்திருந்தால், பலமுறை சுழற்றி அதை வெளியேற்றிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தால், ஓடாமைக்குக் காரணம் ஸ்பார்க் அல்லது எரிபொருள் என்று சுருங்கிவிடுகிறது. ஓட்டுபவரின் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப், மோட்டாரில் தன் இடத்தில் மாட்டப்படாவிட்டால் ஸ்பார்க்கே வராது. பழைய மோட்டாரோடு இந்தக் கயிறு பெரும்பாலும் வருவதில்லை. அதை முதலில் சரிபார்த்துவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் பதித்துப் பாருங்கள். அப்போதும் பொறி வரவில்லை என்றால் காயில், பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ, ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள சுருள்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். உப்புக்காற்று இவற்றின் இணைப்புகளைப் பச்சை பூக்க வைத்திருக்கும். உங்கள் அதிர்ஷ்டம் நன்றாக இருந்தால் இணைப்புகளைச் சுத்தம் செய்வதோடு வேலை முடியும்.

எரிபொருள் கோளாறு மட்டும் என்றால் விற்பவர் சொன்னது உண்மையாகிவிடும். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால், நெடுநாள் கிடந்த டேங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பிசின் படியும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து பிறகு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றாமல் விட்டால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுமுறை குளிர்ந்த எஞ்சின் பிடிக்காது. பழைய எரிபொருளை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிப் பார்க்கும் வேலைக்கு அதிகச் செலவு இல்லை.

எஞ்சின் உயிர் பெற்றவுடன் மகிழ்ச்சியில் கரையிலேயே ஓட்டிக் காட்டுவார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். குளிர்நீர் இல்லாமல் சில விநாடிகள் ஓடினாலும் இம்பெல்லர் கருகத் தொடங்கும். ஒரு பீப்பாயில் நீர் நிரப்பி, காலை அதற்குள் இறக்கி, குறைந்தது கால் மணி நேரமாவது ஓட விடுங்கள்; குளிர்நீர் சுற்றுவதைக் காட்டும் சோதனை நீர் பக்கத்துத் துளையிலிருந்து சீராகப் பீய்ச்சி வர வேண்டும். ஓட்டுவதற்கு முன்பே கியர் பெட்டியின் கீழ் ஸ்குருவைத் தளர்த்தி ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபியின் நிறத்தில் வந்தால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது; உலோகத் துகளும் சேர்ந்து வந்தால் பல்சக்கரங்களே தேய்ந்திருக்கின்றன.

தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் செய்வதற்கு மதுரையில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் அந்த மாடலுக்கு அளவு கூடிய பிஸ்டன் கிடைக்க வேண்டும். அவுட்போர்டு உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கடற்கரை ஊர்களிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. எனவே முன்பணம் கொடுக்கும் முன் மாடல் எண்ணைச் சொல்லி, பிஸ்டன், இம்பெல்லர், கேஸ்கட், சிடிஐ ஆகியவற்றின் விலையைக் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதிரிப் பாகம், கூலி, படகை ராமநாதபுரத்திலிருந்து ஏற்றிவரும் லாரி வாடகை எல்லாம் சேர்ந்து அதே குதிரைத்திறன் கொண்ட புதிய மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டினால், பழையதை விட்டுவிடச் சொல்வேன். மேலூர்ப் பக்கத்துக் குத்தகைதாரர் ஒருவர் அப்படித்தான் செய்தார்: உடலுக்கு மட்டும் விலை பேசி, மோட்டாரை விற்றவரிடமே விட்டுவிட்டு, கண்மாய்க்குப் பொருத்தமான சிறிய மோட்டார் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டார்.

காகிதங்களை இறுதியில் சொன்னாலும் அவற்றை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டாரைப் படகில் இறுக்கும் பகுதியில் வரிசை எண் பொறித்த தகடு இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மீன்வளத் துறையில் பதிவான படகு என்றால் பெயர் மாற்றம் செய்து தருவதாக எழுத்தில் வாங்குங்கள். 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி, உள்நாட்டு நீரில் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் தேவை. மீன்பாசிக் குத்தகை மீன் பிடிக்கும் உரிமையைத்தான் தருகிறது. சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் செல்லும் உரிமையைத் தருவதில்லை. விடுதி நடத்துபவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தது. வலைக்கும் மீனுக்குமாகக் கட்டிய உடலில் நாற்காலி போட்டுக் குடும்பங்களை ஏற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, எவ்வளவு பணம் கொடுத்தாலும், நான் மோட்டார் பொருத்தித் தருவதில்லை.

எப்போது வாங்குவது என்றும் கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதங்களும் கடற்கரைப் பட்டறைகளில் வேலை நிரம்பி வழியும், மெக்கானிக்கை ஒரு மணி நேரம் உடன் அழைத்துச் செல்வதே கடினம். நம் கண்மாய்களும் அப்போது வற்றிக் கிடப்பதால் கண்மாய்க்கு வாங்குபவருக்கு அவசரம் எதுவும் இல்லை. ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ போய்ப் பார்த்தால், உடன் வர ஆளும் கிடைப்பார், பீப்பாயில் ஓட்டிப் பார்க்க நேரமும் இருக்கும், தேவைப்படும் பாகங்களை வரவழைத்து ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்கவும் முடியும்.