காவலாளியின் கண்ணும் வாக்கி டாக்கியும்

1998-இல் வெளிவந்த, எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிச் செல்லும் மெட்டல் கியர் சாலிட் விளையாட்டில் ஒரு காவலாளியின் கண்ணில் பட்டால் போதும், அந்த நொடியே தளம் முழுக்கச் செய்தி பரவிவிடும். எப்படிப் பரவியது என்று யாரும் கேட்பதில்லை. 2001 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த இரண்டாம் பாகம், 'சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி', அந்தக் கேள்வியைக் கேட்டது. இதில் பார்ப்பது ஒரு வேலை. பார்த்ததை மேலிடத்துக்குச் சொல்வது வேறொரு வேலை. இரண்டுக்கும் நடுவே உள்ள சில நொடிகளில்தான் ஆட்டமே இருக்கிறது.

முதலில் பார்வை. இவ்வகை விளையாட்டுகளில் காவலாளிக்குக் கண் கிடையாது, கணக்குதான் உண்டு. வழக்கமாக மூன்று சோதனைகள். ஆட்டக்காரர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? காவலாளி பார்க்கும் திசைக்கும் அவருக்கும் இடையே என்ன கோணம்? நடுவில் சுவரோ பெட்டியோ மறைக்கிறதா? கோணத்தை அளக்க, நீளம் 1 ஆன இரண்டு திசையன்களின் (திசை காட்டும் அம்புகளின்) புள்ளிப் பெருக்கம் போதும்; அதன் விடை நடுக் கோணத்தின் கொசைன். பார்வைக் கூம்பு 120 பாகை அகலம் என்று வைத்தால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 60 பாகை. 60 பாகையின் கொசைன் 0.5. விடை 0.5-க்கு மேல் வந்தால் நீங்கள் கூம்புக்குள். அதன் பிறகே கண்ணிலிருந்து உங்கள் உடலுக்கு ஒரு கற்பனைக் கோடு இழுத்து, அது எதிலாவது முட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கடைசிச் சோதனைதான் செலவு மிக்கது. இந்த விளையாட்டு நொடிக்கு 60 படம் வரைகிறது; ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. ஆகவே மலிவான சோதனைகளில் தப்பியவரை விட்டுவிட்டு, மாட்டியவருக்கு மட்டும் கோடு இழுப்பதே சிக்கனம்.

திரை மூலையில் உள்ள சிறு வரைபடமான ரேடாரில் காவலாளிக்கு முன்னால் விரியும் கூம்பு இந்தக் கணக்கின் படம். கடல்நடுவே உள்ள பிக் ஷெல் பகுதியில், ஒவ்வொரு கட்டடத்திலும் அங்குள்ள 'நோடு' எனப்படும் கணினி முனையத்தில் நுழைந்த பிறகுதான் ரேடார் வேலை செய்யும். புதியவர்கள் பலர் அதைத் தேடாமலே நடந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் கூம்புக்கு வெளியே நின்றாலும் தடயம் காட்டிக்கொடுக்கும்: சுவரில் விழும் நிழல், ஈரக் காலடி, காயத்திலிருந்து சொட்டும் ரத்தம், தரையில் கிடக்கும் உடல்.

இனி வாக்கி டாக்கி. உங்களைப் பார்த்தவன் முதலில் அதை எடுத்துப் பேச வேண்டும். பேசி முடிக்கும் முன் அவனை வீழ்த்தினாலோ, இடுப்பில் உள்ள கருவியைச் சுட்டு உடைத்தாலோ செய்தி போகாது. அதற்காக எல்லோரையும் தூங்க வைத்துக்கொண்டே போவதும் தவறு. காவலாளிகள் அவ்வப்போது மேலிடத்துக்கு நிலவரம் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் என்னவென்று பார்க்க ஆள் வரும். வந்தவன் தூங்குபவனை உதைத்து எழுப்புவான். எனவே நிலவரம் சொல்பவன் யார் என்று கவனித்து, அவனைத் தொடாமல் சுற்றிப் போவதே நல்லது. வீழ்த்தியே ஆக வேண்டுமென்றால் உடலை இழுத்துப்போய் லாக்கரில் அடையுங்கள்.

எம்9 மயக்கத் துப்பாக்கியில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தலையிலோ இதயத்திலோ பட்டால் உடனே தூக்கம். கை காலில் பட்டால் மருந்து ஏறச் சிறிது நேரமாகும், அதற்குள் அவன் பேசிவிடலாம். தோட்டாவும் ஒவ்வொன்றாகத்தான், ஒரு முறை சுட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே பாத்திரத்தின் கண்வழியே காணும் முதல்நபர் பார்வைக்கு மாறி, தலையைக் குறிவைத்துச் சுடுங்கள். இரண்டாவது சிக்கல் பொத்தான். பிளேஸ்டேஷன் 2-இன் சதுரப் பொத்தான் அழுத்தத்தின் அளவை உணரும்: அழுத்தினால் துப்பாக்கி உயரும், சட்டென்று விட்டால் வெடிக்கும், மெல்ல விட்டால் சுடாமல் இறங்கும். சுட விரும்பாத நேரத்தில் வெடித்துவிட்டது என்று புலம்புபவர்கள் விரலை வேகமாக எடுத்தவர்கள்தான். கையாளச் சிரமமான ஏற்பாடு, ஆனாலும் காவலாளியின் முதுகில் துப்பாக்கியை நீட்டிக் கைதூக்க வைக்கும்போது அதன் அருமை தெரியும்.

செய்தி போய்விட்டால் துணைப்படை வரும். கண்ணில் படாமல் இருக்கும்வரை திரையில் 99.99-இலிருந்து எண் இறங்கும், மறுபடி பட்டால் மறுபடி 99.99. அதன்பின் தேடுதல்: அணியாக அறைக்குள் நுழைந்து மூலை மூலையாகத் துழாவுவார்கள். அறைக்குள் பதுங்குவதைவிட நடைபாதையின் கம்பித் தடுப்பைத் தாண்டி வெளிப்புறம் தொங்குவது பல இடங்களில் உதவும். கைப்பிடியின் வலுவைக் காட்டும் அளவுமானி தீர்ந்தால் விழுந்துவிடுவீர்கள், அவ்வளவுதான். தொங்கியபடி எல்2, ஆர்2 பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உடலைத் தூக்கலாம். 100 முறை சேர்ந்தால் பிடி ஒரு நிலை உயரும், இன்னொரு 100-க்கு அடுத்த நிலை. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை.