ஸ்பேசர்: இடைவெளியா, அண்டையா?

ஸ்பேசர் என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு பொருள் கிடைக்கும். மருந்துக் கடையில் ஆஸ்துமா இன்ஹேலரோடு சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் குடுவையை எடுத்துத் தருவார்கள். டைல்ஸ் கடையில் கூட்டல் குறி வடிவச் சின்னத் துண்டுகளை ஒரு பாக்கெட்டாகக் கொடுப்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர் கேட்பதோ நடுவில் ஓட்டை போட்ட, உள்ளங்கை அகலமுள்ள கனத்த வில்லை. வண்டியின் பாடியைச் சேசிஸிலிருந்து, அதாவது அடிச்சட்டகத்திலிருந்து, ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தூக்கி நிறுத்துகிற வில்லை அது. இப்படித் தூக்குவதற்குப் பெயர் பாடி லிஃப்ட். இந்தக் கடைசிப் பொருளுக்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்பதுதான் இங்கே கேள்வி. சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டால், எந்தப் பொருளில் செய்வது, எந்த அளவில் வெட்டுவது என்பதிலும் பாதி தெளிவு வந்துவிடும்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் ‘ஸ்பாட்டியம்’ என்றால் இடம், பரப்பு, இடைப்பட்ட தூரம். அது பழைய பிரெஞ்சில் ‘எஸ்பாஸ்’ ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் ‘ஸ்பேஸ்’ ஆனது. அதோடு செய்பவரை, செய்யும் பொருளைக் குறிக்கும் ‘அர்’ விகுதி சேர்ந்தால் ஸ்பேசர். அதாவது இடைவெளி உண்டாக்குவது.

இதை நேராகத் தமிழாக்கினால் ‘இடைவெளியாக்கி’ என்று வரும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் கேட்டவுடன் மனதில் வருவது வெறும் வெளி, காற்று. பாடி லிஃப்ட் ஸ்பேசரின் வேலை அதற்கு நேர்மாறானது. இடைவெளியைக் காலியாக விடாமல் அடைத்துக்கொண்டு சுமையைத் தாங்குகிற வேலை அது. பழைய அச்சுக்கூடத்துக் கம்பாசிட்டருக்கு இது சொல்லாமலே புரிந்திருக்கும். ஈய எழுத்துகளைக் கோக்கும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் ஒரு துண்டு ஈயத்தைச் செருகுவார். அதற்கும் ஸ்பேஸ் என்றுதான் பெயர். தாளில் வெற்றிடமாகத் தெரிவது அச்சுப் பலகையில் கெட்டி உலோகம். அது இல்லாவிட்டால் வரி இறுகாது, எழுத்துகள் ஆடும்.

நம் வண்டியிலும் அதே கதைதான். ஜீப், ஜிப்ஸி, தார் போன்றவை அடிச்சட்டகத்தின் மேல் பாடியைத் தனியாக உட்கார வைத்த வண்டிகள். இரண்டையும் சேர்ப்பவை ரப்பர் மவுண்டுகளும் அவற்றின் ஊடாகப் போகும் போல்ட்டுகளும். 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்ளர் டி.ஜே. மாடலில் இப்படி 11 இடங்கள் உண்டு. மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வோர் இடத்திலும் ஸ்பேசர் வைத்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கினால் பாடி மட்டும் உயரும். சேசிஸ், அச்சு, சஸ்பென்ஷன் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள உயரம் ஒரு மயிரிழைகூடக் கூடாது. கூடுவது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடம். பெரிய டயர் போட்டுக்கொள்ளலாம். தரையிலிருந்து உண்மையாக உயரம் கொடுப்பது அந்த டயர்தான். ‘பாடி லிஃப்ட் போட்டேன், இனி கல் அடிக்காது’ என்று சொல்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

சரி, தமிழில் என்னென்ன சொற்கள் கைவசம் இருக்கின்றன? பட்டறையில் ‘பேக்கிங்’ என்பார்கள். அது காகிதத் துண்டிலிருந்து இரும்புப் பட்டை வரை எல்லாவற்றுக்கும் பொது. ‘வாஷர்’ என்றால் போல்ட்டின் தலைக்கு அடியில் அழுத்தத்தைப் பரப்பும் தட்டு. உயரம் கொடுப்பது அதன் வேலையல்ல. ‘தக்கை’ நல்ல சொல், ஆனால் மிதப்பது, லேசானது என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஆணி பிடிக்க அடிப்பதும் தக்கைதான், அதுவும் சுமை தாங்கியல்ல. ‘ஆப்பு’ பிளப்பதற்கு.

எனக்குப் பிடித்த சொல் ‘அண்டை’. வீட்டில் பீரோ ஒரு கால் தூக்கி ஆடினால், ‘அந்தக் காலுக்கு ஏதாவது அண்டக் குடு’ என்பார்கள். உடனே ஒரு மரச் சில்லோ, மடித்த அட்டையோ காலுக்கடியில் போகும். பீரோ ஆடாமல் நிற்கும். அண்டை என்றால் பக்கம், அருகு. அண்டை வீடு, அண்டை நாடு என்பதில் இருப்பது அதுதான். அண்டை கொடுப்பது என்றால் ஒட்டி நின்று தாங்கும்படி ஒன்றை வைப்பது. இடைவெளி, அதை நிரப்பும் பொருள், தாங்கும் வேலை ஆகிய மூன்றும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. எனவே பாடி லிஃப்ட் ஸ்பேசரை ‘அண்டைக்கட்டை’ என்று சொல்லலாம். வட்டமாகத் தட்டையாக இருந்தால் ‘அண்டை வில்லை’.

கட்டை என்பதற்கும் காரணம் இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து யூ கிளாம்ப் போட்டு இறுக்குவது பழைய வழக்கம். அதைப் பார்த்தவர்கள், ‘லாரிக்கே மரம் தாங்குது, ஜீப்புக்குத் தாங்காதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லாரியில் அந்தக் கட்டை சேசிஸ் நீளத்துக்கு ஓடுகிறது; சுமை முழு நீளத்திலும் பரவிவிடும். ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் மட்டும்தான் தாங்கல், ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் ஓட்டை வேறு. மழைத் தண்ணீர் இறங்கி ஊறி, வெயிலில் சுருங்கி, போல்ட் இறுக்கத்தில் நசுங்கும். இழை வாக்கில் வெடித்தும் போகும். போல்ட் தளர்ந்தால் பாடி ஆட ஆரம்பிக்கும். ஜீப்புக்கு மரம் வேண்டாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு ஒரு சுவையான வழி கண்டுபிடித்தார்கள். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் பனித்தரையில் சறுக்கி ஓடுகிற கறுப்பு ரப்பர் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் பக். விதிப்படி 1 அங்குலக் கனம், 3 அங்குல விட்டம். கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். மலிவு, அளவு மாறாது, எந்த விளையாட்டுச் சாமான் கடையிலும் கிடைக்கும். சுசுகி சாமுராய் வைத்திருந்தவர்கள் இதன் நடுவில் துளை போட்டுப் பாடிக்கு அடியில் வைத்தார்கள். நம் ஊரில் 1985-இல் வந்த ஜிப்ஸி, அந்தச் சாமுராயின் உறவுக்கார வண்டி. இன்றைக்குக் கடைகளில் விற்கும் பாடி லிஃப்ட் வில்லைகளையும் பக் என்றே பலர் சொல்கிறார்கள். விளையாட்டுச் சாமான் பெயர் வண்டிச் சாமானுக்கு ஒட்டிக்கொண்டது. ஓர் அங்குலத்துக்கு இந்த ரப்பர் வில்லை பரவாயில்லை, ஆனால் துளை நட்ட நடுவில் நேராக விழ வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கவே கூடாது. அடுக்கினால் ஒன்றின் மேல் மற்றொன்று நழுவப் பார்க்கும், போல்ட் வளையும்.

கட்டையின் விட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது ஒரு நண்பரின் ஜிப்ஸிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான். ஒரு பட்டறையில் 1 அங்குல ஜி.ஐ. பைப்பைத் துண்டு துண்டாக அறுத்து ஸ்பேசராக வைத்திருந்தார்கள். மேட்டுப் பாதையில் ஏறும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று சத்தம். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பைப்பின் விளிம்பு தளத் தகட்டை அமுக்கி, மாவில் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தியதுபோல வட்டமாகக் குழித்திருந்தது. ஒரு பக்கம் தகடு கிழியத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 34 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. சுவரும் உள்ள பைப்பு தகட்டைத் தொடும் பரப்பு சுமார் 3 சதுர செ.மீ. 76 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. துளையும் உள்ள வில்லை தொடுவது சுமார் 44 சதுர செ.மீ. அதே சுமை, பதினான்கில் ஒரு பங்குப் பரப்பில். தகடு வேறென்ன செய்யும்? கம்பெனி ரப்பர் மவுண்டின் மேல்முகம் எவ்வளவு அகலமோ, அதற்குக் குறையாத அகலம் கட்டைக்கும் வேண்டும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே தாராள இடம் விடக்கூடாது.

இனிப் பொருள்கள். லேத் பட்டறையில் எளிதாகக் கிடைப்பது நைலான் ராடு. கடைவது சுலபம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் சாதாரண நைலான் 6 ஈரத்தை இழுக்கும். தண்ணீரிலேயே ஊறிக்கிடந்தால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை. இழுத்தால் அளவு கொஞ்சம் மாறும், விறைப்பும் குறையும். டெல்ரின் என்ற பெயரில் விற்கும் அசெட்டால் என்ற பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகத்தான் இழுக்கிறது; என் தேர்வு அதுதான். கெட்டியான பாலியூரித்தேனும் நல்லது, ஆயத்தக் கிட்டுகளில் அது பரவலாக வருகிறது. அலுமினியம் நசுங்காது, ஆனால் இரும்போடு ஒட்டி ஈரத்தில் இருந்தால், அதுவும் கடற்கரை உப்புக் காற்றில், அரித்துப் பொடியும். ஆனோடைஸ் செய்தோ (மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றியோ) பெயின்ட் அடித்தோ வைக்க வேண்டும். கட்டை இவ்வளவு கெட்டியாக இருந்தால் அதிர்வு உள்ளே வராதா என்று சிலர் பயப்படுகிறார்கள். அதிர்வை வாங்குவது கீழே இருக்கும் ரப்பர் மவுண்டின் வேலை, அது எடுபடாமல் அங்கேயே இருக்கிறது. அண்டைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அது நசுங்காமல் நின்றால் போதும். பிளாஸ்டிக் எதுவானாலும் இறுக்கத்தில் மெல்ல இளகி உட்காரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும்.

உயரத்தில் ஆசை கூடாது. ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் வரை பெரும்பாலும் சில்லறை வேலைகளோடு முடியும். அதற்கு மேல் போனால், பாடியோடு மேலே போகிறவையும் சேசிஸோடு கீழே தங்குகிறவையும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். கியர் ராடு தரை ஓட்டையின் விளிம்பில் இடிக்கும். ரேடியேட்டர் பாடியோடு ஏறிவிட, ஃபேன் கீழே நின்று அதன் உறையில் உரசும். ஸ்டியரிங் தண்டு, டீசல் ஊற்றும் குழாய், பிரேக் குழாய், எர்த் ஒயர் எல்லாம் விறைக்கும். போல்ட்டின் நிலைமையும் மோசமாகும். கட்டை உயர உயர, பக்கவாட்டு விசை போல்ட்டை வளைக்கும் நெம்புகோலும் நீள்கிறது. கட்டையின் உயரத்துக்குச் சமமாக நீளம் கூடிய, வலிமையில் 8.8 தரத்துக்குக் குறையாத போல்ட் வேண்டும். மூன்று அங்குலத்துக்கும் ஆயத்தக் கிட்டுகள் விற்கிறார்கள். நான் என் வண்டிக்கு வைக்க மாட்டேன்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு வரம்பும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சாலையில் ஓடும் வண்டி என்றால் கட்டையை வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அண்டை என்ற சொல்லை எல்லா ஸ்பேசருக்கும் ஒட்ட வேண்டியதில்லை. இன்ஹேலர் ஸ்பேசர் எதையும் தாங்குவதில்லை. மருந்துப் புகை தங்கி மெதுவாக உள்ளே போக இடம் கொடுக்கிறது, அது குடுவை. டைல்ஸ் துண்டு இடைவெளியை அளந்து காட்டுகிறது, அதை ‘இடையளவி’ எனலாம். கான்கிரீட் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கம்பியைத் தாங்குவதால் அது அண்டை இனம்தான்.

லேத்துக்காரரிடம் எழுதிக் கொடுக்கும் சீட்டில் நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: ‘டெல்ரின் அண்டை வில்லை, விட்டம் 76, உயரம் 25, துளை 12 மி.மீ., எண்ணிக்கை 11. இரு முகமும் மட்டமாகக் கடைந்து தரவும்.’ முதல் முறை கொடுத்தபோது அவர் வாசித்துவிட்டு, ‘எதுக்கு அண்டக் குடுக்கிறீங்க, பாடிக்கா?’ என்று மட்டும் கேட்டார்.