ரிவால்வர் என்றால் சுழல் துப்பாக்கி

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் வேலூர்ப் பக்கத்து நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாது: உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு. அந்தச் செய்தியில் ரிவால்வரும் கைத்துப்பாக்கி, பிஸ்டலும் கைத்துப்பாக்கி. என் மனக்குறை இங்கேதான்.

லத்தீனில் 'ரெவால்வெரே' என்றால் திரும்ப உருட்டுதல். அது ஆங்கிலத்தில் சுழல்வதைக் குறிக்கும் வினையாகி, சுழல்வது ரிவால்வர் ஆயிற்று. சுழல்வது குழல் அல்ல, குழலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உருளை. அதில் ஐந்தோ ஆறோ அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுக்க இழுக்க அடுத்த அறை குழலுக்கு நேரே வரும். பிஸ்டலில் இந்த உருளையே கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836இல். அதற்கு 30 ஆண்டு முன்பு, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது கையில் இருந்தது மஸ்கட் என்ற நீளக் குழல் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால், மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே மறுபடி கெட்டிக்க வேண்டும். ஜவ்வாது மலையில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிக்கு இன்றும் அதே கதிதான்.

'துப்பாக்கி'யும் நம் சொல் அல்ல. துருக்கி மொழி வழியாக வந்தது. குறளில் மழையைப் பற்றி வரும் துப்பாக்கி வேறு, அது 'உணவாக்கி'. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு, பாவம். தனித்தமிழ் அன்பர்கள் 'துமுக்கி' என்கிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, நாக்கில் ஏறவில்லை.

'சுழல் துப்பாக்கி' வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் என இலக்கணத்தில் முக்காலமும் சுழலும். கடையில் வாங்கும் புதுத் துப்பாக்கியை அப்படி நம்பிவிட முடியாது.

வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஒருவர் என்று பேர்பெற்ற கம்மவான்பேட்டையில் என் பெரியப்பா இருக்கிறார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கலெக்டர் ஆபீஸில் உரிமம் வாங்கி, .32 ரிவால்வர் ஒன்று பார்க்கப் போனார். (.32 என்பது அங்குலக் கணக்கு, ஏறக்குறைய 8 மி.மீ.) மெருகையும் பிடியையும் பார்த்து நான் அசந்து நின்றேன். "இன்னாப்பா, பளபளப்பையே பாத்துனு கீற? சுத்தறது ஒழுங்கா சுத்துதா பாரு" என்றார்.

முதலில் உருளையைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டார். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலை (தோட்டாவை வெடிக்க வைக்க அடிப்பது இதுதான்) மெள்ள மெள்ளப் பின்னால் இழுத்தார். சுத்தியல் முழுசாகப் பின்வாங்கி நிற்பதற்குள் உருளை திரும்பி 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறை சரியாக இருந்தால் போதாது. ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதாவது ஓர் அறை குழலுக்குக் கொஞ்சம் விலகி நின்றால், குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து, பூட்டிய நிலையில் உருளையை விரலால் அசைத்தார். துளி ஆட்டம் பரவாயில்லை, கடகடவென்றால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான். கடைசியாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். தாள் புகும் அளவு போதும். ரொம்ப அகலமானால் மருந்துப் புகை அங்கேயே வீணாகும். ரொம்ப நெருங்கினால் பத்துப் பதினைந்து சுட்டதும் கரி படிந்து உருளை சிக்கும்.

நம்பகம் என்ற பேர் ரிவால்வருக்கு வந்ததும் இந்தச் சுழற்சியால்தான். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டலில் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். 2014இல் கான்பூரில் பெண்களுக்கென்று சொல்லி வெளியான 'நிர்பீக்' கூட இதே .32 ரிவால்வர்தான், எடை அரைக் கிலோ.

சிலர் 'சுழலி' என்று சுருக்குகிறார்கள். புயல் செய்திபோல் ஒலிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ரிவால்வருக்குச் சுழல் துப்பாக்கி, பிஸ்டலுக்குக் கைத்துப்பாக்கி என்று எழுதினால் ஒப்படைப்புச் செய்தியில் குழப்பம் இருக்காது. பெரியப்பா அன்று பார்த்தவற்றில் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். முதலாவதில் நான்காம் அறை அரை நொடி தாமதமாகப் பூட்டியதாம். எனக்கு அது கேட்கவே இல்லை.